ஓரத்தில் நின்றவர்

ஸ்டுடியோவில் அவளுக்கு 'ரப்பர்' என்று பெயர். வைத்தவர் முதலாளி. பன்னிரண்டு வருடமாக அவள் செய்துவந்த வேலைக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. மாப்பிள்ளையின் மூக்கு நுனியில் இருக்கும் பருவை எடுப்பாள். மணப்பெண்ணின் தோளுக்குப் பின்னால் வாயைப் பிளந்து கொட்டாவி விடும் சித்தப்பாவை எடுப்பாள். "அந்த ஆளு எங்க படத்துல இருக்கவே கூடாது" என்று ஓர் அம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு வந்து நின்றால், குடும்பப் படத்தில் இளித்துக்கொண்டு நிற்கும் முன்னாள் மருமகனை முடி ஒன்றுகூட மிச்சமில்லாமல் எடுத்துவிடுவாள். எடுத்த இடத்தில் பக்கத்துச் சுவரையோ திரையையோ கொஞ்சம் பிய்த்து ஒட்டிவிட்டால் போதும். அங்கே ஒருத்தன் நின்றிருந்தான் என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்ப மாட்டார்கள்.

ஸ்டுடியோவுக்கு ஒரு சட்டம் உண்டு. ஒரு படத்துக்கு ஒரே ஒரு பிரதிதான். திருத்தியதும் பழையதன் மேலேயே பதிந்துவிட வேண்டும். "ரெண்டு வெச்சிருந்தா கஸ்டமர் வந்து, பழசே நல்லா இருந்துச்சும்பான். வீண் வம்பு" என்பார் முதலாளி. முதல் மாதம் அவளுக்கு மனசு வரவில்லை. அப்புறம் பழகிவிட்டது. வீட்டிலும் அதே கதைதான். வேண்டாததை உடனே அழித்துவிட்டு, இருப்பதை ஒரே இடத்தில் வைத்துக்கொள்வாள். பெருமையாகக்கூடச் சொல்லிக்கொள்வாள்.

அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் ஏழு லிஃப்டுகளும் அவர் பொறுப்பு. யாரோடு வேண்டுமானாலும் நின்று பேசுவார். யார் பேசினாலும் சிரிப்பார். "நம்ம பொழப்பு பரவால்லம்மா, தினமும் மேல போறேன்" என்ற ஒரே ஜோக்கைப் பதினான்கு வருடமாகச் சொல்லிவருகிறார். சொல்லிவிட்டு, கேட்டவர் சிரிப்பதற்கு முன்னால் தானே சிரித்துவிடுவார். பாஸ்போர்ட் படம் எடுக்க எட்டு வருடத்துக்கு முன்னால் அவர் ஸ்டுடியோவுக்கு வந்தபோது, அவளேதான் எடுத்தாள். கேமராவுக்குப் பின்னால் மனைவி முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பத்துப் படமும் சிரிப்பு. "சிரிக்காதீங்க. நேரா பாருங்க. ரெண்டு காதும் தெரியணும்" என்று அதட்டிப் பதினோராவது படத்தை ஒருவழியாக எடுத்தாள். பத்தையும் அப்போதே அழித்தாள். உபயோகமில்லாததை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இந்தக் கதை ஆரம்பிக்கும் சமயம் அவளுக்குப் புதிதாக ஒரு பைத்தியம் பிடித்திருந்தது. தெருவில் படம் எடுப்பது. பல் டாக்டர் ஒருத்தி ஞாயிற்றுக்கிழமைகளில் ஏழெட்டுப் பேரைச் சேர்த்துக்கொண்டு கேமராவோடு சுற்றுவாள். பல் கட்டப் போன இடத்தில் பழக்கமாகி, ரப்பரும் அதில் ஒட்டிக்கொண்டாள். யாரையும் நிற்கச் சொல்லக் கூடாது, சிரிக்கச் சொல்லக் கூடாது. வெளிச்சம் நல்லபடியாக விழும் ஓர் இடத்தைப் பிடித்து, படத்தில் எது எங்கே வரவேண்டும் என்று மனசுக்குள் கட்டம் போட்டுக்கொண்டு, அந்தக் கட்டத்துக்குள் யாராவது வந்து விழும்வரை கால் கடுக்க நிற்க வேண்டும். பல் டாக்டர் இரண்டு விஷயத்தில் கறார். அழுத்துவதற்கு முன்னால் நாலு ஓரத்தையும் பார்க்க வேண்டும். அழுத்திய பிறகு எதையும் அழிக்கக் கூடாது. விழுந்தது விழுந்தபடி இருக்கட்டும் என்பாள்.

"உனக்குத்தான் ரெண்டாவது கஷ்டம்" என்று சொல்லிச் சிரிப்பாள் ரப்பரிடம்.

நகரத்துக்கு நூற்றைம்பது வயதாகிறதென்று மூன்று நாள் திருவிழா வைத்தார்கள். கடைத்தெரு முழுக்க வண்ணக் காகிதக் கொடி, பேண்டு வாத்தியம், பொய்க்கால் வைத்து நடப்பவர்கள், முகத்தில் சாயம் பூசிய குழந்தைகள். பார்க்கும் திசையெல்லாம் தலை. படம் எடுப்பவர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? மூன்று நாளும் பயிற்சி, கடைசியில் ஆளுக்கு ஒரு படம் கண்காட்சியில் என்று பல் டாக்டர் அறிவித்துவிட்டாள். ரப்பருக்கு அந்த ஒரு படம் வேண்டும். ஸ்டுடியோவில் இத்தனை வருடம் அடுத்தவன் எடுத்த படத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தவளுக்குத் தன் பெயரில் ஒன்று.

முதல் நாள் கணவரும் கூட வந்தார். சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் அவருக்கு டியூட்டி. "நான் பை தூக்குறேன், நீ படம் எடு" என்று கிளம்பினார். மழை வந்தாலும் வரும் என்று அவள் தன் மஞ்சள் குடையையும் அவர் கையில் திணித்தாள்.

அங்கேதான் தொல்லை ஆரம்பித்தது. அவள் எந்தப் பக்கம் கேமராவைத் திருப்பினாலும் அந்தப் பக்கம் அவர் நின்றார். படிக்கட்டில் நிழல் கோடுகோடாக விழுந்திருக்க, ஒரு கிழவி சரியான படியில் கால் வைக்கப்போகும் நேரத்தில், மேல் படியில் பேண்டுகாரரிடம் ஊதுகுழலை வாங்கிப் பார்த்துக்கொண்டு இவர். நீர்த்தொட்டியில் கொடிகளெல்லாம் தலைகீழாகத் தெரிய, அந்தத் தண்ணீருக்குள்ளும் மஞ்சள் குடையோடு இவர். ஒவ்வொரு முறையும் அவள் அந்தப் படத்தை அங்கேயே அழித்தாள்.

"என்னங்க, வேணும்னே வந்து நிக்கிறீங்களா?"

"நான் எங்கம்மா வர்றேன்? உன் கேமராதான் என்னைத் தேடிக்கிட்டு வருது."

"ஜோக்கெல்லாம் அப்புறம். கொஞ்சம் ஓரமா நில்லுங்க. நான் கூப்பிடற வரைக்கும் வராதீங்க."

"சரி மேடம்" என்று சலாம் வைத்துவிட்டு, கேமராப் பையை அவள் தோளில் மாட்டிவிட்டு, குடையோடு கூட்டத்துக்குள் போனார்.

ஐந்து மணிக்கு அவளுக்கு அந்தப் படம் கிடைத்தது. மூடிக்கிடந்த ஒரு கடையின் நீல ஷட்டர். வெயில் அதன்மேல் சாய்வாக விழுந்து பாதியைப் பொன்னாகவும் பாதியை இருட்டாகவும் வெட்டியிருந்தது. இருபது நிமிடம் நின்றாள். இரண்டு பேர் ஆளுயரக் கண்ணாடி ஒன்றைத் தூக்கிக்கொண்டு குறுக்கே வந்தார்கள். கண்ணாடிக்குள் எதிர்த்தெரு முழுவதும், கொடியும் பேண்டும் கூட்டமுமாக நடந்து வந்தது. கண்ணாடிக்குக் கீழே நான்கு கால்கள் மட்டும். அவள் மூச்சைப் பிடித்து அழுத்தினாள். ஒரே கிளிக். நாலு ஓரத்தையும் பார்க்கவில்லை. சந்தோஷத்தில் அதெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கும்?

மணியைப் பார்த்தாள். அவர் டியூட்டிக்குப் போயிருப்பார். சொல்லிக்கொள்ளாமல் போகிற ஆள் இல்லைதான். ஆனால் கூப்பிடும்வரை வராதீர்கள் என்று சொன்னதும் அவள்தானே. துள்ளலாக வீட்டுக்கு நடந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றினாள். கையோடு கேமராவில் இருந்த மெமரி கார்டைத் துடைத்துவிட்டாள். கண்ணாடிப் படத்தைத் திறந்தாள். படம் அருமை. ஆனால் அவள் கண் என்ன கண்? மேலே ஒரு கரண்டு கம்பி வானத்தைக் குறுக்கே அறுத்தது. இடது மூலையில் ஒரு குப்பைத்தொட்டி. வலது ஓரத்தில், ஷட்டரை ஒட்டி, முதுகைக் காட்டிக்கொண்டு யாரோ ஓர் ஆள்.

எதையும் அழிக்கக் கூடாது என்று பல் டாக்டர் சொன்னது நினைவுக்கு வந்தது. ஒரு கம்பிதானே என்று நினைத்தாள். கம்பி போனதும் தொட்டி உறுத்தியது. தொட்டியும் போனதும் அந்த ஆள். முந்நூறு மடங்கு பெரிதாக்கினாள். அவ்வளவு பெரிதாக்கினால் மனிதன் என்று எதுவும் தெரியாது. வெறும் நிறம்தான் தெரியும். கொஞ்சம் பழுப்பு, கொஞ்சம் சாம்பல், நடுவில் பளீரென்று ஒரு மஞ்சள். இந்த மஞ்சள்தான் கண்ணை இழுக்கிறது என்று எரிச்சல்பட்டாள். ஷட்டரின் நீல வரிகளைப் பக்கத்திலிருந்து எடுத்து எடுத்து ஒட்டினாள். நாலு நிமிட வேலை. பழையதன் மேலேயே பதிந்தாள். பல் டாக்டருக்கு அனுப்பினாள்.

"அடி சக்கை!" என்று பதில் வந்தது. அன்று அவள் நிம்மதியாகத் தூங்கினாள்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு, கணவரோடு வேலை செய்யும் பையன் ஒருவன் போன் செய்தான்.

"அக்கா, அண்ணனுக்கு உடம்பு ஏதும் சரியில்லையா? நேத்து டியூட்டிக்கு வரலையே. நானே ஏழு லிஃப்டையும் பாத்துக்கிட்டேன்."

கணவருக்குப் போன் போட்டாள். அந்த எண் உபயோகத்தில் இல்லை என்றது குரல். மறுபடி போட்டாள். மறுபடியும் அதே குரல், அதே நிதானம். செருப்பை மாட்டிக்கொண்டு கடைத்தெருவுக்கு ஓடினாள்.

திருவிழாவில் காணாமல் போனவர்களுக்கென்று போலீஸ் ஒரு கூடாரம் போட்டிருந்தது. உள்ளே ஒரு பெண் போலீஸ், அழும் குழந்தை ஒன்றை இடுப்பில் வைத்துக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தாள்.

"என்ன சட்டை போட்டிருந்தாரு?"

அவளுக்கு நிறம்கூட ஞாபகம் இல்லை.

"சரி, போட்டோ இருக்கா?"

போனைத் தடவித் தடவிப் பார்த்தாள். ஷட்டர், படிக்கட்டு, நிழல், யார் யாரோ. அவர் இல்லை. ஒன்றில்கூட இல்லை.

"என்ன வேலை பாக்குறீங்க?"

"போட்டோ ஸ்டுடியோல" என்று சொல்லும்போது அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது. பெண் போலீஸ் நிமிர்ந்து பார்த்துவிட்டு, குழந்தையை அடுத்த இடுப்புக்கு மாற்றினாள்.

கடைசியாக அவர் போன திசையில் போய்ப் பார்க்கலாம் என்று அந்த நீல ஷட்டர் இருந்த தெருவுக்கு நடந்தாள். முதல் நாள் காது கிழியக் கத்திய ஒலிபெருக்கிகள் வாயை மூடிக்கொண்டிருந்தன. கடைகளில் விளக்கு இல்லை. இரண்டு எலெக்ட்ரீஷியன்கள் ஏணியைச் சாய்த்து வைத்துவிட்டு, ஒரு கம்பத்தையும் எதிர்க்கம்பத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"திருட்டா இருந்தா வெட்டின நுனி இருக்கணும்ல? இங்க கம்பி மாட்டுன அடையாளமே இல்ல. இத்தனை வருஷமா இந்தத் தெருவுக்குக் கரண்டு எப்படி வந்துச்சாம்?" என்றான் ஒருவன்.

"என்னைக் கேட்டா? போய் சேர்மனைக் கேளு" என்றான் மற்றவன்.

தற்செயல் என்று சொல்லிக்கொண்டாள். இடது பக்கம் திரும்பினாள். குப்பைத்தொட்டி இல்லை. அது நின்ற இடத்தில் நடைபாதைக் கல் சுத்தமாக இருந்தது. கல்லில் கோழிக்கால் போல ஒரு விரிசல். அதற்குப் பக்கத்துக் கல்லில் அதே விரிசல். அச்சு அசலாக அதே மூன்று கிளை, நடுக்கிளையில் அதே வளைவு. குனிந்து விரலால் தடவிப் பார்த்தாள். பக்கத்துக் கல்லை எடுத்து ஒட்டும்போது விரிசலை மாற்றிவிட வேண்டும் என்று ஸ்டுடியோவுக்கு வரும் புதுப் பெண்களுக்கு அவளே சொல்லிக்கொடுப்பாள். நேற்று அவசரத்தில் மாற்றவில்லை.

திரும்பி ஷட்டரைப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. ஆனாலும் பார்த்தாள். யாரோ என்றைக்கோ வண்டியை இடித்த ஒரு நெளிவு. ஒரு முழம் தள்ளி அதே நெளிவு. இன்னும் ஒரு முழம் தள்ளி அதே. ஓர் ஆள் நிற்கும் அகலத்துக்கு நான்கு முறை. வெயில் ஷட்டரில் எல்லா இடமும் அடித்தது. அந்த அகலத்தில் மட்டும் அது நேற்று ஐந்து மணி வெயிலாகவே இருந்தது.

அந்த மஞ்சள், என்று நினைத்தாள்.

குடை. அவள் திணித்த குடை. ஓரமா நில்லுங்க என்றாள், மனுஷர் நின்றிருக்கிறார். அவள் கூப்பிடும்வரை வரக் கூடாது என்றாள். வராமல், முதுகைத் திருப்பிக்கொண்டு, யாரோடாவது பேசவேண்டும் போல் இருந்தாலும் பேசாமல், ஷட்டரோடு ஷட்டராக ஒண்டி நின்றிருக்கிறார். பதினான்கு வருடம் கூட வாழ்ந்தவள், முந்நூறு மடங்கு பெரிதாக்கிப் பார்த்தும், அது யார் என்று தெரியாமல் நாலு நிமிடத்தில் துடைத்துவிட்டாள்.

அவள் அந்த நெளிவின் மேல் கையை வைத்து அவரைக் கூப்பிட்டாள். "வாங்க. கூப்பிடுறேன்ல, வாங்க." வேடம் போட்ட ஒருவன் பொய்க்காலில் நின்று மேலிருந்து அவளைப் பார்த்துவிட்டுப் போனான். ஷட்டர் வெறும் இரும்பாகச் சுட்டது.

வீட்டுக்கு ஓடினாள். வழியெல்லாம் ஸ்டுடியோவில் அழித்த ஆட்கள் ஒவ்வொருவராக அவள் கூடவே வந்தார்கள். அந்த முன்னாள் மருமகன் அப்புறம் என்ன ஆனான்? அந்த அம்மாள் ஒருமுறை வந்து, "பீடை ஒழிஞ்சுது, எங்க போனான்னே தெரியல" என்று சொல்லிவிட்டுப் போனது நினைவுக்கு வந்தது. அதற்கு மேல் நினைக்க அவளால் முடியவில்லை.

கம்ப்யூட்டரைத் திறந்தாள். பழைய படம் இல்லை. கார்டில் இல்லை. அவளே துடைத்தாள். சரி, அழித்தால் போகுமென்றால் வரைந்தால் வரவேண்டும். முதலில் கம்பியை முயன்றாள். கறுப்பாக ஒரு கோடு, நடுவில் கொஞ்சம் தொய்வு, இரண்டு கம்பத்திலும் முடிச்சு. பதிந்தாள். அந்த நொடியே, இரண்டு தெரு தள்ளி, ஒலிபெருக்கி பாட்டின் நடுவிலிருந்து கத்த ஆரம்பித்தது. கூட்டம் 'ஓ'வென்று கைதட்டியது. அவளுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. பயமா சந்தோஷமா என்று அவளுக்கே தெரியவில்லை.

அப்புறம் அவரை வரைய உட்கார்ந்தாள்.

முதுகைக் காட்டி நின்றவரை முதுகைக் காட்டித்தான் வரைய வேண்டும். அவர் முதுகு எப்படி இருக்கும்? எந்தத் தோள் இறங்கியிருக்கும்? பின்னந்தலையில் வழுக்கை விழுந்திருக்கிறதா? தினமும் அவளுக்கு முன்னால் கதவைத் திறந்துகொண்டு போன முதுகு. நேற்று என்ன சட்டை என்று பார்க்க அலமாரியைத் திறந்தாள். ஐந்து சட்டை தொங்கியது. அவருக்கு மொத்தம் எத்தனை சட்டை என்று தெரிந்தால்தானே இல்லாதது எதுவென்று தெரியும்? அலமாரிக் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாள். வெட்கத்தில் வந்த அழுகை அது.

அவருடைய அக்காவுக்குப் போன் செய்தாள்.

"அண்ணி, ஒண்ணு கேக்கணும். தப்பா நெனைக்காதீங்க. அவர் முதுகு... பின்னாலேருந்து பாத்தா எப்படி இருப்பாரு?"

"ஏண்டி, கல்யாணம் பண்ணிக்கிட்டது நீயா நானா?" அண்ணி சிரித்தாள். அதே குடும்பச் சிரிப்பு. "பின்கழுத்துல ஒரு தழும்பு இருக்கும். சின்னப்புள்ளையில ஊஞ்சல்லேருந்து விழுந்தான். வலது பக்கம். இல்ல இரு, இடது பக்கமா? அட, எனக்கே மறந்துபோச்சு பாரு. அவன்கிட்டயே கேளேன், பக்கத்துல இல்லையா?"

"இல்ல அண்ணி. வெளிய நிக்கிறாரு" என்று வைத்துவிட்டாள்.

முதுகு முடியாது. அப்படியானால் முகம். திரும்பி நிற்கட்டும், என்னைப் பார்த்து நிற்கட்டும் என்று முடிவு செய்தாள். அவர் முகத்துக்கு அவளிடம் இருந்தது ஒன்றே ஒன்று. ஸ்டுடியோ சாவி அவளிடமும் உண்டு; திருவிழா விடுமுறையில் பூட்டிக்கிடந்த கடையைத் திறந்து, பழைய கம்ப்யூட்டரில் தேடி எடுத்துக்கொண்டு வீடு திரும்பினாள். எட்டு வருடத்துக்கு முந்தைய பாஸ்போர்ட் படம். பதினோராவது படம். மார்புவரைதான் இருந்தது. மீதி உடம்புக்கு, நேற்று எடுத்த படங்களில் ஒரு கடைவாசலில் நிமிர்ந்து நின்ற யாரோ ஒருவரின் உடம்பு அளவு ஒத்துவந்தது. கட்டம் போட்ட காப்பிநிறச் சட்டை, கையில் கடிகாரம். மஞ்சள் குடையை எங்கேயும் காணவில்லை, விட்டுவிட்டாள்.

தலையைக் கழுத்தில் பொருத்தினாள். நல்ல வேலைக்காரி. ஒட்டின இடம் தெரியாமல் ஒட்டினாள். படத்தில் வெயில் இடது பக்கமிருந்து அடித்தது. முகத்திலோ ஸ்டுடியோவின் இரண்டு விளக்கு வெளிச்சம், இரண்டு பக்கமும் சமமாக, ஒரு நிழலும் இல்லாமல். கன்னத்தில் நிழலைப் பூசலாமா என்று யோசித்தாள். முகத்தில் கை வைத்து எதையாவது கெடுத்துவிட்டால்? வேண்டாம். ஓரத்தில் வைத்தால் மறுபடி ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்து, அவரைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே நகர்த்தி, கண்ணாடிக்கு முன்னால், படத்தின் நட்டநடுவில் நிறுத்தினாள். அழகான படம் கெட்டுக் குட்டிச்சுவரானது. கண்காட்சியும் மண்ணாங்கட்டியும். பதிந்தாள்.

வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பாட்டு ஓய்ந்து பேண்டு வாசித்தது. பேண்டு ஓய்ந்தது. பொழுது சாயும் நேரத்தில் படியில் காலடி கேட்டது. ஒவ்வொரு படிக்கும் ஒரே அளவு இடைவெளி. அவர் எப்போதும் இரண்டிரண்டு படியாக ஏறுவார். இருந்தாலும் அந்தச் சத்தம் கேட்டு அவளுக்கு உயிரே திரும்பி வந்தது. கதவைத் திறந்தாள்.

அவர்தான். எட்டு வயது குறைந்திருந்தார். கட்டம் போட்ட சட்டை, கையில் அவர் என்றைக்குமே கட்டாத கடிகாரம். மாடிப்படியில் ஒரே ஒரு பல்பு, அதுவும் அவருக்குப் பின்னால் எரிந்தது. முகம் இருட்டாகத்தான் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் மூக்கின் கீழ், கண்ணின் கீழ், எங்கேயும் ஒரு பொட்டு நிழல் இல்லாமல் வெளேரென்று தெரிந்தது.

"எங்க போயிட்டீங்க?" என்று அவர் கையைப் பிடித்தாள். கை சூடாகத்தான் இருந்தது. யாருடைய கையோ.

"ஓரமா நில்லுன்னியே. நின்னுட்டிருந்தேன்."

குரல் அவருடையதுதான். உள்ளே வந்தார். நாற்காலியைப் பார்க்கவில்லை, தண்ணீர் கேட்கவில்லை. கூடத்தின் சரிநடுவில் போய், தோளை நேராக்கி, இரண்டு காதும் தெரிய அவளைப் பார்த்து நின்றார். அவள் அடுப்படிக்குப் போனால் அவர் முகம் அடுப்படிப் பக்கம் திரும்பியது. ஜன்னலுக்குப் போனால் ஜன்னல் பக்கம்.

"உக்காருங்களேன்."

உட்கார்ந்தார். அப்போதும் நேராகத்தான் பார்த்தார்.

அவள் எதிரில் உட்கார்ந்தாள். திடீரென்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, அவர் ஜோக்கை அவளே சொன்னாள். "நம்ம பொழப்பு பரவால்லம்மா, தினமும் மேல போறேன்." பதினான்கு வருடத்தில் ஒருமுறைகூட அவள் சிரித்திராத ஜோக். சொல்லிவிட்டு அவளே சிரித்தும் காட்டினாள்.

அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சிரிங்களேன்" என்றாள். "ஒரே ஒரு தடவை."

"சிரிக்காதீங்கன்னு நீதானே சொன்னே?" என்றார் அவர். கோபமில்லை, குத்தலில்லை. சொன்னதைச் சொன்னார்.

பத்துப் படம் இருந்தன. பத்திலும் சிரித்தார். பத்தையும் அவள்தான் அழித்தாள்.

எழுந்து கம்ப்யூட்டருக்குப் போனாள். படத்தைத் திறந்தாள். வாயை மட்டும் பெரிதாக்கினாள், முந்நூறு மடங்கு அல்ல, வாய் வாயாகத் தெரியும் அளவுக்கு. ஒரு சின்னச் சிரிப்பு. உதட்டின் ஓரத்தைக் கொஞ்சம் மேலே தூக்கினால் போதும். மூன்று நிமிட வேலை. ஊர்பேர் தெரியாத எத்தனையோ மாப்பிள்ளைகளுக்கு அவள் சிரிப்பு வரைந்திருக்கிறாள். மவுஸின் மேல் கையை வைத்தாள்.

அவர் சிரிக்கும்போது முதலில் மேலே போவது எந்த ஓரம்? இடதா, வலதா?

கண்ணை இறுக்க மூடி யோசித்தாள். நேற்று மத்தியானம் படிக்கட்டில் சிரித்தார். சலாம் வைத்தபோது சிரித்தார். அவள் அப்போது கேமரா வழியாக நிழலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணைத் திறந்தபோது கம்ப்யூட்டர் திரையில், அவள் தோளுக்கு மேலே, வெளேரென்று ஒரு முகம் நிழலே இல்லாமல் தெரிந்தது. அவர் எழுந்து வந்து பின்னால் நேராக நின்றுகொண்டிருந்தார், அடுத்து என்ன செய்யச் சொல்வாள் என்று பார்த்துக்கொண்டு.